இத்தாலிய வினைமுற்றுகள்: பாங்கும் காலமும் பற்றிய முழுமையான வழிகாட்டி

இத்தாலிய இலக்கண நூல்களின் பின்பக்கங்களில் வினைச்சொற்களின் அட்டவணைகள் இருக்கும். ஒரே வினை 7 பாங்குகளிலும் (நிபந்தனை, ஏவல் போன்று வினையைச் சொல்லும் முறைகளிலும்) 21 காலங்களிலும் பிரிந்து, பெரும்பாலான காலங்களில் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஆறு வடிவங்கள் பெற்று, ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பிவிடும். அதை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அந்த உழைப்பு தேவையும் இல்லை. அட்டவணைக்குள் இயங்கும் முறை, பள்ளியில் நாம் படித்த பகுதி, இடைநிலை, விகுதி என்னும் முறைக்கு மிக நெருக்கமானது. எங்கே தமிழ் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு படிப்படியாகச் சென்றால், அட்டவணையின் பெரும்பகுதியை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

ஒலிப்பு பற்றி ஒரு முன்குறிப்பு. இங்கே இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் உயிரை நெடிலாக எழுதியிருக்கிறேன். ஈற்று உயிர்கள் பெரும்பாலும் நெடிலாகவே தோன்றும். அதற்கு முன் வேறு நெடில் இருந்தால் அழுத்தம் அந்த முந்தைய நெடிலுக்கே உரியது, இல்லையென்றால் ஈற்றுக்கு உரியது. இதன்படி ‘பார்லோ’ என்பதில் அழுத்தம் முதலில், ‘பர்லோ’ என்பதில் இறுதியில். இந்த வேறுபாடு அற்பமானதன்று: முன்னது ‘பேசுகிறேன்’, பின்னது ‘அவன் பேசினான்’. சொற்களின் எழுத்துக்கூட்டலை ஓர் இத்தாலிய அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து ஒலியை ஓரளவுக்கே காட்டும்.

படி 1: மூலவடிவத்தைப் பிரித்தல்

அகராதியில் வினைச்சொல் ‘இன்ஃபினீத்தோ’ என்னும் மூலவடிவில் இருக்கும். அது ‘-ஆரே’, ‘-எரே’, ‘-ஈரே’ என்னும் மூன்று ஈறுகளில் ஒன்றைப் பெறும்: பர்லாரே (பேசுதல்), க்ரேதெரே (நம்புதல்), தொர்மீரே (உறங்குதல்). ஈற்றை நீக்கினால் எஞ்சுவது பகுதி. வினைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. புதிதாக மொழிக்குள் வரும் வினைகளும் அங்கேதான் சேர்கின்றன. கணினியில் சொடுக்குவதற்கு இத்தாலியர்கள் உருவாக்கிக்கொண்ட ‘க்ளிக்காரே’ ஓர் எடுத்துக்காட்டு. ஆகவே ‘-ஆரே’ வகையை நன்றாகக் கற்றவர் மொழியின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கிறார். முரண்டு பிடிக்கும் வினைகள் மிகுதியாக இருப்பது ‘-எரே’ வகையில்.

படி 2: நிகழ்காலம்

நிகழ்காலத்தில் (ப்ரெஸேன்த்தே) பகுதியோடு நேரடியாக விகுதி சேரும். தன்மை ஒருமையிலிருந்து படர்க்கைப் பன்மை வரை வரிசையாகப் பாருங்கள்.

பர்லாரே: பார்லோ, பார்லி, பார்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பார்லனோ.
க்ரேதெரே: க்ரேதோ, க்ரேதி, க்ரேதே, க்ரெதியாமோ, க்ரெதேத்தே, க்ரேதொனோ.
தொர்மீரே: தோர்மோ, தோர்மி, தோர்மே, தொர்மியாமோ, தொர்மீத்தே, தோர்மொனோ.

மூன்று வகைக்கும் பொதுவானவை எவை என்று கவனித்தால் சுமை பாதியாகும். தன்மை ஒருமை எப்போதும் ‘-ஓ’, முன்னிலை ஒருமை எப்போதும் ‘-இ’, தன்மைப் பன்மை எப்போதும் ‘-யாமோ’. வேறுபடுவன எஞ்சிய மூன்றே. அழுத்தத்தையும் கூடவே பழகுங்கள்: முதல் மூன்று வடிவங்களிலும் படர்க்கைப் பன்மையிலும் அது பகுதியில் நிற்கும், தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டும் விகுதிக்கு நகரும். ‘பார்லனோ’ என்பதைப் ‘பர்லானோ’ என்று சொல்வது, தொடக்கநிலையினரை உடனே காட்டிக்கொடுக்கும் பிழை.

விகுதியே இடத்தைச் சொல்லிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்னும் சொற்கள் தேவையில்லை. ‘வருகிறேன்’ என்று மட்டும் சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும். ‘நான்தான்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘ஈயோ’ வருகிறது. ஆனால் வினைமுற்றில் ஆண்பாலும் பெண்பாலும் பிரிவதில்லை. ‘பேசுகிறான்’, ‘பேசுகிறாள்’, ‘பேசுகிறது’ மூன்றுக்கும் ‘பார்லா’ ஒன்றே. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடும் கிடையாது.

மரியாதைக்கு நாம் பன்மையைப் பயன்படுத்துகிறோம்; இத்தாலியில் படர்க்கை ஒருமையைப் பயன்படுத்துகிறார்கள். அறிமுகமில்லாதவரிடமும் மூத்தவரிடமும் ‘லேய்’ என்னும் சொல்லால், ‘அவள் பேசுகிறாள்’ என்பதற்கு உரிய அதே வினைவடிவில் பேச வேண்டும்: ‘லேய் பார்லா இத்தல்யானோ?’ என்றால் ‘நீங்கள் இத்தாலியம் பேசுவீர்களா?’ என்று பொருள். 1938இல் பாசிச ஆட்சி இந்த ‘லேய்’ வழக்கை ஒழித்து, முன்னிலைப் பன்மையாகிய ‘வோய்’ என்பதைத் திணிக்க முயன்றது. ஆட்சி போனதும் ‘லேய்’ தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. தெற்கு இத்தாலியில் முதியவர்களிடம் ‘வோய்’ என்று பேசும் பழைய வழக்கம் இன்றும் உண்டு. அது அந்த ஆணையால் வந்ததன்று.

‘-ஈரே’ வினைகளில் பெரும்பாலானவை பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் ‘-ஈஸ்க்-’ சேர்த்துக்கொள்ளும். ஃபினீரே (முடித்தல்): ஃபினீஸ்கோ, ஃபினீஷி, ஃபினீஷே, ஃபினியாமோ, ஃபினீத்தே, ஃபினீஸ்கொனோ. அழுத்தம் விகுதிக்கு நகரும் இரண்டு வடிவங்களில் இந்தச் செருகல் மறைந்துவிடுவதைக் கவனியுங்கள். எந்த வினை இதைப் பெறும் என்று ஊகிக்க ஒரு வழி உண்டு: இத்தாலிய எழுத்தில் மூலவடிவத்தின் கடைசியிலிருந்து ஐந்தாம் எழுத்தைப் பாருங்கள். அது உயிரெழுத்தானால் பெரும்பாலும் செருகல் வரும் (ஃபினீரே, கப்பீரே, ப்ரெஃபெரீரே). மெய்யெழுத்தானால் பெரும்பாலும் வராது (தொர்மீரே, பர்த்தீரே, அப்ரீரே). விலக்குகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் நம்பிப் பயன்படுத்தலாம்.

படி 3: விலக்கு வினைகளில் எவை முதலில்

இங்கே விதி தேடிக் காலம் கடத்த வேண்டாம். பின்வரும் நான்கையும் நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏஸ்ஸெரே (இருத்தல்): ஸோனோ, ஸேய், ஏ, ஸியாமோ, ஸியேத்தே, ஸோனோ.
அவேரே (உடையதாதல்): ஓ, ஆய், ஆ, அப்பியாமோ, அவேத்தே, ஆன்னோ.
அந்தாரே (போதல்): வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ.
வெனீரே (வருதல்): வேங்கோ, வியேனி, வியேனே, வெனியாமோ, வெனீத்தே, வேங்கொனோ.

முதல் இரண்டும் துணைவினைகளாக மற்றெல்லாக் கூட்டுக் காலங்களையும் தாங்குவதால் அவற்றில் தடுமாறுபவர் எல்லாவற்றிலும் தடுமாறுவார். கடைசி வினையில் தன்மை ஒருமை ‘வேங்கோ’ என்று மாறியிருப்பதை மறவாதீர்கள். படி 8இல் அது பெரிய உதவி செய்யும்.

நிகழ்காலத்தின் பயன்பாடு தமிழோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. ‘நாளை ரோமுக்குப் போகிறேன்’ என்று நாம் சொல்வதைப் போலவே ‘தொமானி வாதோ அ ரோமா’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லலாம். ‘மூன்று வருடமாக இங்கே வசிக்கிறேன்’ என்பதற்கும் ‘ஆபித்தோ க்வி த த்ரே ஆன்னி’ என்று நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியம் கற்பவர்கள் இந்த இடத்தில் தேவையில்லாமல் ஒரு கூட்டுக் காலத்தைத் தேடுகிறார்கள். தமிழிலிருந்து நேராகச் செல்வது இங்கே குறுக்குவழி.

படி 4: பேச்சின் இறந்தகாலம்

அன்றாடப் பேச்சில் முடிந்துபோன செயலைக் கூற ‘பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’ பயன்படுகிறது. இது துணைவினையின் நிகழ்கால வடிவமும் முதன்மை வினையின் எச்ச வடிவமும் சேர்ந்தது. தமிழின் ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்னும் அமைப்பைத் தலைகீழாக்கினால் ‘ஓ மஞ்ஜாத்தோ’ கிடைக்கும்; ஆனால் பொருள் ‘சாப்பிட்டேன்’ என்பதையும் உள்ளடக்கும். எச்சத்தை ஆக்குவது எளிது: -ஆரே வினைக்கு ‘-ஆத்தோ’ (பர்லாத்தோ), -எரே வினைக்கு ‘-ஊத்தோ’ (க்ரெதூத்தோ), -ஈரே வினைக்கு ‘-ஈத்தோ’ (தொர்மீத்தோ). அடிக்கடி வரும் வினைகள் சில இதற்கு அடங்காதவை: செய்த என்பதற்கு ‘ஃபாத்தோ’, சொன்ன ‘தேத்தோ’, எழுதிய ‘ஸ்க்ரீத்தோ’, படித்த ‘லேத்தோ’, பார்த்த ‘வீஸ்தோ’, எடுத்த ‘ப்ரேஸோ’, திறந்த ‘அப்பேர்த்தோ’, மூடிய ‘கியூஸோ’.

இந்தக் காலத்தின் உண்மையான சிக்கல் துணைவினையைத் தேர்வதில் இருக்கிறது. செயப்படுபொருள் ஏற்கும் வினைகள் அனைத்தும் ‘அவேரே’ கொள்ளும். ‘ஏஸ்ஸெரே’ கொள்பவை பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போவதையோ, ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதையோ குறிப்பவை: போதல், வருதல், புறப்படுதல், சேர்தல், பிறத்தல், இறத்தல், ஆதல், தங்குதல். தன்மேல் தானே செய்துகொள்ளும் வினைகள் அனைத்தும் இதில் அடங்கும். ‘லவார்ஸி’ (தன்னைக் கழுவிக்கொள்ளுதல்) என்பதன் இறந்தகாலம் ‘மி ஸோனோ லவாத்தோ’. அசைவு என்பதால் மட்டும் ஒரு வினை இந்தப் பக்கம் வந்துவிடாது. நடத்தல் (கம்மினாரே), பயணம் செய்தல் (வியஜ்ஜாரே), நீந்துதல் (நுவொத்தாரே) ஆகியவை ‘அவேரே’ வினைகள். அவை எப்படி அசைந்தோம் என்கின்றன, எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்வதில்லை. ஓடுதல் என்னும் ‘கோர்ரெரே’ இதைத் தெளிவாகக் காட்டும்: வெறுமனே ஓடினால் ‘ஓ கோர்ஸோ’, வீட்டுக்கு ஓடிப்போனால் ‘ஸோனோ கோர்ஸோ அ காஸா’.

துணைவினை ‘ஏஸ்ஸெரே’ ஆனால் எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்க வேண்டும். ஆண் ‘ஸோனோ அந்தாத்தோ’ என்பான், பெண் ‘ஸோனோ அந்தாத்தா’ என்பாள்; ஆண்கள் அல்லது இருபாலரும் சேர்ந்த குழு ‘ஸியாமோ அந்தாத்தி’, பெண்கள் மட்டும் என்றால் ‘ஸியாமோ அந்தாத்தே’. தன்மையில் பால் காட்டும் பழக்கம் தமிழுக்கு இல்லாததால், பேசுபவர் பெண்ணாக இருந்தும் ‘அந்தாத்தோ’ என்று சொல்லிவிடுவது நம்மிடையே எளிதில் நேரும். ‘அவேரே’ வந்தால் எச்சம் மாறாது. ஆனால் ‘அவளை’ போன்ற செயப்படுபொருட் சொல் துணைவினைக்கு முன்னே வந்துவிட்டால் எச்சம் அதற்கு இணங்கும். ‘மரியாவைப் பார்த்தேன்’ என்பது ‘ஓ வீஸ்தோ மரீயா’. ‘அவளைப் பார்த்தேன்’ என்பது ‘லோ வீஸ்தா’.

இங்கே தமிழர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்லும் நம் வழக்கம் இத்தாலியில் அப்படியே இருக்கிறது: ‘மி பியாச்சே’. பிடித்த பொருள்தான் எழுவாய்; அது பன்மையானால் வினையும் பன்மையாகி ‘மி பியாச்சொனோ’ ஆகும். இறந்தகாலத்தில் ‘ஏஸ்ஸெரே’ வரும்: படம் பிடித்திருந்தால் ‘மி ஏ பியச்சூத்தோ’.

படி 5: பழக்கமும் பின்னணியும் கூறும் இறந்தகாலம்

‘இம்ப்பெர்ஃபேத்தோ’ என்னும் இந்தக் காலத்தில்தான் இடைநிலை வெளிப்படையாகத் தெரிகிறது. செய்தேன் என்பதைச் செய் + த் + ஏன் என்று பிரிப்பதைப் போலப் ‘பர்லாவோ’ என்பதைப் பர்ல் + ஆ + வ் + ஓ என்று பிரிக்கலாம். ‘ஆ’ வினை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகிறது, ‘வ்’ காலத்தை, ‘ஓ’ இடத்தை. முழு வரிசை: பர்லாவோ, பர்லாவி, பர்லாவா, பர்லவாமோ, பர்லவாத்தே, பர்லாவனோ. க்ரெதேவோ, தொர்மீவோ ஆகியவையும் இதே அச்சில் வருபவை. முழுதாக விலகி நிற்பது ‘ஏஸ்ஸெரே’: ஏரோ, ஏரி, ஏரா, எரவாமோ, எரவாத்தே, ஏரனோ. செய்தல், சொல்லுதல், குடித்தல் என்னும் மூன்று வினைகளும் லத்தீனில் இருந்த நீண்ட பகுதியை இங்கே மீட்டுக்கொண்டு ‘ஃபச்சேவோ’, ‘திச்சேவோ’, ‘பெவேவோ’ என்று வரும்.

எப்போது பயன்படுத்துவது என்பதற்குத் தமிழிலேயே சோதனை இருக்கிறது. ‘சின்ன வயதில் கடலுக்குப் போவேன்’ என்று, நடந்து முடிந்த பழக்கத்துக்கு நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அந்தப் ‘போவேன்’ வரும் இடமெல்லாம் இத்தாலியில் ‘அந்தாவோ’ வரும்: ‘த பம்பீனோ அந்தாவோ அல் மாரே’. அதேபோல, ‘உறங்கிக்கொண்டிருந்தபோது மார்கோ வந்தான்’ என்பதில் பின்னணியான உறக்கம் இம்ப்பெர்ஃபேத்தோவும், அதைக் குறுக்கிட்ட வருகை ப்ரோஸ்ஸிமோவும் பெறும்: ‘மேன்த்ரே தொர்மீவோ, ஏ அர்ரிவாத்தோ மார்கோ’. சில வினைகளில் காலத்தை மாற்றினால் பொருளே மாறும். ‘ஸப்பேவோ’ என்றால் முன்பே தெரிந்திருந்தது. ‘ஓ ஸப்பூத்தோ’ என்றால் அப்போதுதான் தெரியவந்தது.

துணைவினையை இம்ப்பெர்ஃபேத்தோவுக்கு மாற்றினால் முன்னதன் முன்னது கிடைக்கும்: ‘அவேவோ மஞ்ஜாத்தோ’, ‘ஏரோ அந்தாத்தோ’. சாப்பிட்டிருந்தேன், போயிருந்தேன். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

படி 6: எதிர்காலம்

பழைய மக்கள் லத்தீனில் மூலவடிவத்தின் பின்னே ‘அவேரே’ வினையின் முன்னோடியைச் சேர்த்துப் பேசியதன் விளைவே இன்றைய எதிர்காலம். ஈறுகளில் ஓ, ஆய், ஆ, ஆன்னோ என்னும் நிகழ்கால வடிவங்கள் அப்படியே தெரியும். பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமோ, பர்லெரேத்தே, பர்லெரான்னோ. ‘-ஆரே’ வினையின் ‘ஆ’ இங்கே ‘எ’ ஆகிவிடுவதால் முதல் இரண்டு வகைகளும் ஒரே மாதிரி ஒலிக்கும். விலக்குகள் பகுதியில் மட்டுமே. ஈற்றில் ஒருபோதும் இல்லை. சில வினைகள் நடு உயிரை இழக்கும்: அந்த்ரோ (போவேன்), பொத்ரோ (முடியும்), வெத்ரோ (பார்ப்பேன்), அவ்ரோ (உடையவன் ஆவேன்). சில ‘ர்ர்’ என இரட்டிக்கும்: வெர்ரோ (வருவேன்), வொர்ரோ (விரும்புவேன்), ரிமர்ரோ (தங்குவேன்). ‘ஏஸ்ஸெரே’ என்பதற்கு ‘ஸரோ’.

பேச்சில் எதிர்காலம் மிகுதியாகப் பயன்படுவது ஊகத்துக்கு, தமிழும் அப்படியே. ‘வீட்டில் இருப்பான்’ என்று இப்போதைய நிலையை ஊகிப்பது ‘ஸரா அ காஸா’. ‘இந்நேரம் புறப்பட்டிருப்பான்’ என்பது ‘ஸரா ஜா பர்த்தீத்தோ’. இந்த இரண்டாவது வடிவத்துக்கு இலக்கண நூல்கள் ‘ஃபுத்தூரோ அன்தெரியோரே’ என்று தனிப்பெயர் தந்திருக்கின்றன. புறப்பட்டிருப்பான் என்று நாள்தோறும் சொல்பவர் அந்தப் பெயரைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

படி 7: நிபந்தனைப் பாங்கு

எதிர்காலப் பகுதி கையில் இருந்தால் ‘கொந்தித்ஸியொனாலே’ ஏறக்குறைய இலவசம். அதே பகுதி, வேறு ஈறுகள்: பர்லெரேய், பர்லெரேஸ்தி, பர்லெரேப்பே, பர்லெரேம்மோ, பர்லெரேஸ்தே, பர்லெரேப்பெரோ. வேங்கோ, வெர்ரோ என்று மாறிய வினை இங்கே ‘வெர்ரேய்’ ஆகும், போதல் ‘அந்த்ரேய்’. காதுக்கு மிகவும் நெருக்கமான இணை ஒன்று உண்டு. ‘பர்லெரேமோ’ என்றால் பேசுவோம். மகரம் இரட்டித்த ‘பர்லெரேம்மோ’ என்றால் (முடிந்தால்) பேசுவோம். தமிழில் இரட்டிப்பைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது நமக்கு இருப்பதால் இது பெரிய தடையாகாது.

கடைகளில் முதல் நாளிலிருந்தே தேவைப்படும் சொல் இந்தப் பாங்கைச் சேர்ந்தது. காப்பி வேண்டும் என்று கேட்க ‘வோல்யோ’ என்றால் கட்டளையிடுவதுபோல் இருக்கும். ‘வொர்ரேய் உன் கஃப்பே’ என்பதே பண்பு. நிகழாமற்போன செயலுக்குத் துணைவினையை இந்தப் பாங்கில் வைக்க வேண்டும்: ‘ஸரேய் வெனூத்தோ’ (வந்திருப்பேன்). ‘வருவேன் என்று சொன்னான்’ என்னும் வாக்கியத்தில் நாம் ‘வருவேன்’ என்றே நிறுத்துகிறோம். இத்தாலியில் அங்கே ‘ஆ தேத்தோ கே ஸரேப்பே வெனூத்தோ’ என்று கூட்டு வடிவம் வந்தாக வேண்டும். தமிழ் கைவிடும் இடங்களில் இது ஒன்று.

படி 8: கொன்ஜுன்த்தீவோ

கைவிடும் இடங்களில் பெரியது இதுதான். ‘வருகிறான் என்று தெரியும்’, ‘வருகிறான் என்று நினைக்கிறேன்’ என்னும் இரண்டிலும் தமிழ் வினை மாறுவதில்லை. இத்தாலியில் தெரிந்ததற்கு ஒரு வடிவம், நினைப்பதற்கு வேறு வடிவம்: ‘ஸோ கே வியேனே’, ஆனால் ‘பேன்ஸோ கே வேங்கா’. நினைத்தல், நம்புதல், விரும்புதல், அஞ்சுதல் போன்ற உள்ளத்து வினைகளை அடுத்து ‘கே’ என்னும் இணைப்புச் சொல் வந்தால், பின்வரும் வினை கொன்ஜுன்த்தீவோவில் நிற்கும். ‘முக்கியம்’, ‘தேவை’, ‘நடக்கக்கூடும்’ என்னும் தொடர்களுக்குப் பின்னும், ‘பெங்கே’ (ஆயினும்), ‘ப்ரீமா கே’ (முன்பாக) போன்ற இணைப்புகளுக்குப் பின்னும் இதே விதி. நினைப்பவரும் செய்பவரும் ஒருவரே ஆனால் இந்தத் தொல்லை இல்லை. ‘தி’ சேர்த்து மூலவடிவைச் சொன்னால் போதும்: ‘பேன்ஸோ தி வெனீரே’ (வரலாம் என்று நினைக்கிறேன்).

வடிவத்தை ஆக்க நிகழ்காலத் தன்மை ஒருமையை எடுத்து ‘ஓ’வை மாற்றுங்கள். ‘-ஆரே’ வினையில் அது ‘இ’ ஆகும், மற்ற இரண்டு வகைகளிலும் ‘ஆ’ ஆகும். ஒருமை மூன்று இடங்களுக்கும் ஒரே வடிவம்: பார்லி, க்ரேதா, தோர்மா, ஃபினீஸ்கா. விலக்கு வினைகளும் இதற்குள் அடங்குவதுதான் அழகு. வேங்கோ வேங்கா ஆகிறது. ஃபாச்சோ (செய்கிறேன்) ஃபாச்சா ஆகிறது. தீக்கோ (சொல்கிறேன்) தீக்கா ஆகிறது. போஸ்ஸோ (முடியும்) போஸ்ஸா ஆகிறது. பன்மையில் ‘-யாமோ’, ‘-யாத்தே’, பின் ஒருமையோடு ‘-னோ’: பர்லியாமோ, பர்லியாத்தே, பார்லினோ. தனியே கற்க வேண்டியவை மிகச் சில: ஸீயா (ஏஸ்ஸெரே), ஆப்பியா (அவேரே), ஸ்தீயா (ஸ்தாரே, ஒரு நிலையில் இருத்தல்), தீயா (தாரே, கொடுத்தல்), ஸாப்பியா (ஸப்பேரே, தெரிந்திருத்தல்). வடிவங்கள் ஒன்றுபோல் இருப்பதால் இங்கே மட்டும் ‘நான்’, ‘நீ’ என்னும் சொற்களைச் சேர்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தால் கொன்ஜுன்த்தீவோவின் இம்ப்பெர்ஃபேத்தோ வேண்டும்: பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸே, பர்லாஸ்ஸிமோ, பர்லாஸ்தே, பர்லாஸ்ஸெரோ. ‘பென்ஸாவோ கே வெனீஸ்ஸே’ என்றால் ‘வருகிறான் என்று நினைத்தேன்’. ‘பென்ஸாவோ கே ஃபோஸ்ஸே வெனூத்தோ’ என்றால் ‘வந்துவிட்டான் என்று நினைத்தேன்’. ‘ஏஸ்ஸெரே’ ‘ஃபோஸ்ஸி’ ஆகும். ‘ஸ்தாரே’, ‘தாரே’ இரண்டும் ‘ஸ்தேஸ்ஸி’, ‘தேஸ்ஸி’ ஆகும். அவற்றை அகரத்தோடு சொல்வது இத்தாலியக் குழந்தைகளும் செய்யும் பிழை.

இந்த வடிவம் நிபந்தனைப் பாங்கோடு சேரும் இடம் ‘ஆல்’ ஈற்று வாக்கியங்கள். நடக்கக்கூடியது என்றால் இரு பக்கமும் சாதாரண வடிவம்: ‘ஸே ஓ தேம்ப்போ, வேங்கோ’ (நேரம் இருந்தால் வருகிறேன்). இல்லாத ஒன்றைக் கற்பனை செய்தால்: ‘ஸே அவேஸ்ஸி தேம்ப்போ, வெர்ரேய்’. கைநழுவிப் போனதானால்: ‘ஸே அவேஸ்ஸி அவூத்தோ தேம்ப்போ, ஸரேய் வெனூத்தோ’. இந்த மூன்றாவதைத் தமிழில் ‘நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்’ என்கிறோம். இரண்டு பாதியிலும் ஒரு ‘இரு’ ஏறுவதைப் போல அங்கே இரண்டு பாதியிலும் ஒரு துணைவினை ஏறுகிறது. ‘ஸே’ இருக்கும் பாதியில் ஒருபோதும் நிபந்தனைப் பாங்கை வைக்காதீர்கள். ‘ஸே அவ்ரேய்’ என்பது இத்தாலியப் பள்ளிகளில் சிவப்பு மையால் அடிக்கப்படும் பிழைகளில் முதன்மையானது. பேச்சில் பலர் இரண்டு பக்கமும் இம்ப்பெர்ஃபேத்தோவை வைத்து ‘ஸே லோ ஸப்பேவோ, வெனீவோ’ என்று எளிமையாக்கிவிடுவதுண்டு. கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

படி 9: ஏவல்

நண்பரிடம் ஏவும்போது ‘-ஆரே’ வினை ‘பார்லா’, மற்றவை ‘க்ரேதி’, ‘தோர்மி’. மரியாதை ஏவலுக்குக் கொன்ஜுன்த்தீவோவே பயன்படும்: ‘பார்லி’, ‘க்ரேதா’, ‘தோர்மா’. ஈற்று உயிர்கள் குறுக்காக இடம் மாறிக்கொண்டிருப்பது தெரிகிறதா? ஒருவர் ‘மன்னிக்கவும்’ என்று சொல்லும்போது ‘ஸ்கூஸா’ என்றால் தோழமை, ‘ஸ்கூஸி’ என்றால் மரியாதை. கடைக்காரர் உங்களைப் பார்த்து ‘தீக்கா!’ என்றால் ‘சொல்லுங்கள், என்ன வேண்டும்?’ என்று கேட்கிறார். நமது ‘வாழ்க!’ என்னும் வியங்கோளுக்கு இணையான ‘வீவா!’ என்பதும் பிறப்பால் கொன்ஜுன்த்தீவோதான்.

எதிர்மறையில் ஒரு விந்தை: நண்பரிடம் ‘பேசாதே’ என்று சொல்ல மூலவடிவம் வரும், ‘நொன் பர்லாரே’. ‘எனக்கு’ போன்ற சொற்கள் தோழமை ஏவலின் வாலில் ஒட்டும் (தீம்மி), மரியாதை ஏவலின் முன்னே நிற்கும் (மி தீக்கா).

படி 10: எச்ச வடிவங்கள்

மூலவடிவம் பொது அறிவிப்புகளில் ஏவலாகவே பயன்படும். கதவில் ‘ஸ்பீன்ஜெரே’ (தள்ளவும்), ‘திராரே’ (இழுக்கவும்); சமையல் குறிப்புகளில் ‘சேர்க்கவும்’ என்பதற்கு ‘அஜ்ஜூஞ்ஜெரே’; ரயில் நிலைய ஒலிபெருக்கியில் மஞ்சள் கோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லும் ‘அல்லொன்தனார்ஸி’ எல்லாம் அதுவே. ‘ஜெரூந்தியோ’ என்னும் வடிவம் (பர்லாந்தோ, க்ரெதேந்தோ, தொர்மேந்தோ) ‘ஸ்தாரே’யோடு சேர்ந்து ‘கொண்டிரு’ என்னும் பொருளைத் தரும்: ‘ஸ்தோ பர்லாந்தோ’, பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணத்தில் நடப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மற்றதற்கு நிகழ்காலம் போதும்.

படி 11: எழுத்தின் இறந்தகாலம்

‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’வைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. வடக்கு இத்தாலியின் பேச்சில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. எழுத்து மொழிக்கு அடிப்படையான தொஸ்கானா வட்டாரத்தில் இரண்டு இறந்தகாலங்களும் வேறுபாட்டோடு வாழ்கின்றன. சிசிலியிலோ இன்று காலை நடந்ததற்கும் இதையே பலர் பயன்படுத்துகிறார்கள். பலேர்மோவில் வாழும் ஈழத்தமிழர்கள் பாடநூலில் காணும் பேச்சும் தெருவில் கேட்கும் பேச்சும் வேறாக இருப்பதை இங்கே உணர்வார்கள். மிலானில் குடியேறுபவர் இதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். சிசிலிக்குச் செல்பவர் வாயிலும் பழக வேண்டும்.

ஒழுங்கான வரிசை: பர்லாய், பர்லாஸ்தி, பர்லோ, பர்லாம்மோ, பர்லாஸ்தே, பர்லாரொனோ. விலக்கு வினைகள் மிகுதி. ஆனால் அவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எழுதுதல் என்னும் வினையைப் பாருங்கள்: ஸ்க்ரீஸ்ஸி, ஸ்க்ரிவேஸ்தி, ஸ்க்ரீஸ்ஸே, ஸ்க்ரிவேம்மோ, ஸ்க்ரிவேஸ்தே, ஸ்க்ரீஸ்ஸெரோ. தன்மை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை மூன்றும் மட்டும் மாறுகின்றன, எஞ்சியவை இயல்பானவை. ஆகவே ஒரு வினைக்குத் தன்மை ஒருமையை மட்டும் கற்றால் மற்ற ஐந்தும் தாமே வரும். ‘ஏஸ்ஸெரே’ தனி: ஃபூய், ஃபோஸ்தி, ஃபூ, ஃபூம்மோ, ஃபோஸ்தே, ஃபூரொனோ.

வாழ்க்கை வரலாறுகள் இந்தக் காலத்தில்தான் எழுதப்படுகின்றன. தொன்னூல் விளக்கம் என்னும் தமிழ் இலக்கண நூலைத் தந்த வீரமாமுனிவர் இத்தாலியர்; இயற்பெயர் பெஸ்கி. அவரைப் பற்றிய இத்தாலியக் குறிப்பு ஒன்று ‘பேஸ்கி நாக்வே அ கஸ்தில்யோனே தெல்லே ஸ்தீவியெரே நெல் 1680’ என்று தொடங்கினால், ‘பெஸ்கி 1680இல் கஸ்தில்யோனே தெல்லே ஸ்தீவியெரேயில் பிறந்தார்’ என்று பொருள். அவர் எழுதியவற்றைச் சொல்ல ‘ஸ்க்ரீஸ்ஸே’ வரும், இறப்பைச் சொல்ல ‘மொரீ’. இத்தகைய குறிப்புகள் நான்கைந்தைப் படர்க்கை ஒருமை வடிவங்களைக் கோடிட்டுக்கொண்டே படிப்பது, இந்தக் காலத்துக்கு எந்த அட்டவணையை விடவும் நல்ல பயிற்சி. ‘த்ரபஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்று இன்னொரு காலமும் உண்டு; ‘ஏப்பே மஞ்ஜாத்தோ’ போன்ற அதன் வடிவங்களைப் பழைய கதைகளில் ‘சாப்பிட்டு முடித்ததும்’ என்னும் பொருளில் காணும்போது அடையாளம் தெரிந்தால் போதும், ஆக்கிப் பழக வேண்டியதில்லை.